வாசல் கேமரா

காவல் நிலைய வாசல் கேமராவில் பதிவான ஒரு முழுப் பகலை எப்படியோ வெளியே கொண்டுவந்து, கண்காட்சியில் தினமும் திரையில் ஓடவிட்டார் கலைஞர். எட்டு மணி நேரப் படம். ஒரு அம்மாளைத் தவிர யாரும் பத்து நிமிடம் தாண்டி உட்காரவில்லை.

"ஆறு நாளா அசையாம உட்கார்ந்திருக்கு சார். மஃப்டி போலீஸேதான்," என்றார் வாட்ச்மேன்.

கலைஞர் பொறுமையிழந்தார். "என்னை வேவு பார்க்க யாரும்மா உங்கள அனுப்பினாங்க?"

அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலையில கட்டம் போட்ட சட்டையில உள்ள போறானே, அவன் என் மகன். அங்க வரவே இல்லன்னு சாதிக்கிறாங்க."

கலைஞருக்குக் குரல் இறங்கியது. "போனதுக்கு இதுவே சாட்சிம்மா. தினமும் எதுக்கு முழுசா பார்க்கறீங்க?"

"நடுவுல கண்ணசந்திருப்பேன், தம்பி. அவன் வெளிய வந்தத நான்தான் பார்க்காம விட்டிருப்பேன்."