வெள்ளைக்கு ஒலி சேர்த்தல்

சாவியோ எழுந்தான், பல் தேய்த்தான், காப்பி போட்டுக் குடித்தான். பிறகு, இறந்துபோன மனைவி ஜெனிஷா முழுக்க வெள்ளையாக வரைந்த உப்பள ஓவியத்தின் முன் கணினியோடு உட்கார்ந்தான். நாளை கண்காட்சியில் அந்த ஓவியத்தோடு அவன் அமைக்கும் ஒலியும் கேட்கவேண்டும். காற்று, உப்பு வாரும் பலகை, பம்புசெட், நாரைகள் என்று சேர்த்துக்கொண்டே போனான்.

நண்பன் ரெமிஜியுஸ் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினான். "எல்லாம் கேக்குது மக்கா. படத்தத்தான் காணோம்."

சாவியோ எரிச்சலில் காற்றைக் கூட்டினான், நாரைகளைக் கூட்டினான். ஓவியம் அதே வெள்ளையாக இருந்தது.

"மதினி இதப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

படத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "அந்த ஃபேன நிப்பாட்டுங்க. சத்தம் தாங்கல."