மூன்றாவது குற்றம்

"கல்லை எடுத்தவ உடனே எறியல சார். நீங்க கார விட்டு எறங்குற வரைக்கும் காத்திருந்து, அப்புறந்தான் எறிஞ்சா. அவ்ளோ திமிரு!" என்றார் ஒழுங்கு ஆசிரியர் பழனியப்பன்.

உடைந்தது ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி. எறிந்தது நான்காம் படிவத்து மாணவி மங்களம்.

ஈப்போ முழுக்கத் தேடினாலும் தலைமையாசிரியர் தம்பிமுத்துவைப் போல் சட்டம் பேசுகிறவர் கிடைக்கமாட்டார். ஒழுங்கு விதிகளைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியவரே அவர்தான். மட்டம் போடுவது, ஆசிரியரை எதிர்த்துப் பேசுவது, பள்ளிச் சொத்தை உடைப்பது என்று குற்றங்கள் போகும். ஒரே மாதத்தில் மங்களம் மூன்றையும் அதே வரிசையில் செய்து முடித்திருந்தாள்.

"பெட்டைப் பிள்ளைக்குப் பிரம்படி குடுக்கச் சட்டமில்லை. மூன்று எச்சரிக்கைக்கு மேல பள்ளியை விட்டு விலக்கத்தான் வேணும்," என்று, வரவழைத்திருந்த அவள் தாயின் முன் விலக்கல் கடிதத்தை நகர்த்தினார் தம்பிமுத்து. "கைநாட்டு வையுங்கோ."

இருளாயி காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். மை தோய்ந்த விரல் கடிதத்தைத் தாண்டி மேஜைக்குப் போனது. மங்களம்தான் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

சட்டென்று கையை உதறிக்கொண்டாள் இருளாயி.

"வேணாம் சார்! இவ அப்பா செத்த அன்னிக்கு மாரியாயி மேல சத்தியம் பண்ணேன், இவ பால்கத்தியத் தொடக்கூடாதுன்னு. பள்ளிக்கூடமே தொரத்திட்டா நான் என்னா பண்ணுவேன்? இவளும் மரத்துக்குத்தான் போவணும்!"

தம்பிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பெற்றோர் சொல்வதைக் கேட்டபின் தலைமையாசிரியர் மன்னிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. இருபது வருஷத்தில் அந்த வரி அவர் கண்ணில் பட்டது இதுதான் முதல் தடவை.

கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"போங்கோ அம்மா. இவளை இனி ஒருத்தரும் விலக்கேலாது. ஐந்தாம் படிவம் முடியும் மட்டும் நான் பொறுப்பு."

இருளாயி அழுதபடியே கும்பிட்டாள். கும்பிட்ட கை அவருக்கு நேராக இல்லை, பக்கத்து அலமாரிக்கு நேராக இருந்தது. சந்தோஷத்தில் தடுமாறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போனாள்.

மங்களம் மட்டும் நகரவில்லை. அவள் கண்ணிலும் நீர் வழிந்தது.

"நன்றியெல்லாம் வேண்டாம் பிள்ளை. வகுப்புக்குப் போ."

"அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு சார். போன வாரம் கைய வெட்டிக்கிச்சு. நான் மரம் வெட்டப் போறேன்னா, சத்தியம் பண்ணிட்டேன்னு விட மாட்டேங்குது."

மேஜையில் கிடந்த கடிதத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் என்னா செஞ்சா சார் என்னை வெலக்குவீங்க?"