விக்கல் கச்சேரி

கணினி இசையை விக்கலால் இயக்கும் திறந்த மூல மென்பொருளுக்குக் கூட்டாளிகள் தேவை என்று நிவேதன் உலகத்துக்கே அறிவித்தான். நிரல் எழுதத் தெரிய வேண்டாம், என்னை நினைத்தால் போதும், எனக்கு விக்கல் எடுக்கும், தாளம் விழும் என்றான். பதினோராயிரம் பேர் சேர்ந்தார்கள். இசை அமர்க்களப்பட்டது. ஆனால் மூன்று நாளாக ஒரு வாய் சோறுகூட அவன் தொண்டையில் இறங்கவில்லை.

"என் புருஷனைத் தயவுசெய்து மறந்துடுங்க" என்று எல்லோருக்கும் எழுதினாள் அன்பினி. நல்லவர்கள், மாலைக்குள் மறந்துவிட்டார்கள். விக்கல் மட்டும் நிற்கவில்லை.

"இன்னும் ஒருத்தர் நினைச்சுக்கிட்டே இருக்காங்கம்மா" என்றார் டாக்டர்.

"யாருன்னு சொல்லுங்க டாக்டர், கால்ல விழுந்தாவது நிறுத்தச் சொல்றேன்."

டாக்டர் அவளையே பார்த்தார்.

நிவேதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ... மட்டும்... மறந்துடாதடி" என்று விக்கினான்.