கணக்கில் வராத இரண்டு வாரம்

ஏழு வாரக் கர்ப்பம் என்றால் குழந்தை உண்டாகி ஏழு வாரம் என்று எண்ணுவது, நம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் பாரதூரமான பிழை. வைத்தியர்கள் கணக்கைத் தொடங்குவது, கடைசியாக மாதவிலக்கு வந்த நாளிலிருந்து. ஆகவே எந்தக் கர்ப்பத்திலும் முதல் இரண்டு வாரம் கர்ப்பமே கிடையாது. உலகம் இதை ஏற்றுக்கொண்டு வெகுகாலமாகிறது. புசல்லாவையில் அழகம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அழகம்மா, சுரேஸின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வளர்த்தவள். கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் கணக்கப்பிள்ளையை விடமாட்டாள்.

தம்பி மனைவி சிந்துஜா கண்டியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தாள். ஏழு வாரம் என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அழகம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே கலண்டரிடம் போனாள்.

ஸ்கேன் எடுத்த மே பதினெட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். விரல் மார்ச் முப்பதில் நின்றது. இன்னொரு தடவை எண்ணினாள். அதே முப்பதுதான்.

சுரேஸ் கட்டாரிலிருந்து வீட்டுக்கு வந்தது ஏப்ரல் பத்து. அந்தத் தேதிக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டவளே அழகம்மாதான். இரண்டு வருஷம் கழித்து வந்தவனின் பெட்டி அன்றைக்குப் பாதி காலியாக இருந்தது. பிளேனில் அவ்வளவுதான் ஏற்ற விட்டார்கள் என்றான். அக்காவுக்கு ஒரு பால்மா பெட்டியோடு சரி.

"தம்பி, நீ எந்தத் தேதிடா வந்த?"

"பத்தாந் தேதி. நீதானே வட்டம் போட்ட?"

"அப்ப இது யாரு கணக்கு?" என்று அழகம்மா சிந்துஜாவைப் பார்த்தாள்.

சிந்துஜா திரும்பினாள். புருஷனிடம் கேட்டாள். "உங்களுக்கும் சந்தேகமா?"

சுரேஸ் தரையைப் பார்த்தான். "ரிப்போர்ட்டுல இருக்கிறதத்தானே அக்கா சொல்லுது."

அலுமாரிக்கு மேலே இருந்த நீலப் பையை அழகம்மா இறக்கிக் கட்டிலில் வைத்தாள். துணிமணியை அடுக்கிக்கொண்டு ஹேவாஹெட்டையில் அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னாள். சிந்துஜா அடுக்கினாள். நாளைக்குக் கிளினிக் இருக்கிறது, அதை முடித்துக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கிளினிக்குக்கு மூவருமே போனார்கள். மிட்வைஃப் பஸ்லினா மிஸ் ரிப்போர்ட்டைப் பார்த்தாள், பிறகு மூன்று முகங்களையும் பார்த்தாள். இந்த வருஷம் இது நாலாவது வீடு என்றாள். மேசையிலிருந்த, நாள் கணக்கிடும் வட்ட அட்டையைத் திருப்பிக் காட்டி, மேலே நான் சொன்னதை என்னைவிடத் தெளிவாக விளக்கினாள். குழந்தை உண்டானது ஏறக்குறைய ஏப்ரல் பதின்மூன்று. சித்திரை வருஷப் பிறப்புக்கு முதல் நாள்.

"புள்ள உண்டாகாத நாளையுமா மிஸ் சேர்ப்பீங்க?" என்று அழகம்மா கேட்டாள்.

"ஆமா அக்கா. ஆஸ்பத்திரிக் கணக்கு அப்படித்தான்."

கணக்கப்பிள்ளையிடம்கூட அழகம்மா இப்படித் தோற்றதில்லை. வீட்டுக்கு வந்ததும் நீலப் பையைத் திறந்து சிந்துஜாவின் துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் தானே அலுமாரியில் வைத்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கில்லை.

ஆனால் ஒரு வேலை மிச்சமிருந்தது.

"பக்கத்து வீட்டு ராக்கம்மாகிட்ட நேத்தே வாய விட்டுட்டேன்டா. அவ வாயால சொன்னா நம்பமாட்டா. ஒன் பாஸ்போட்ட எடு. கிளினிக் தேதியோட நீ வந்த தேதி முத்திரையையும் காட்டி அவ வாய அடைக்கணும்."

பாஸ்போர்ட் கண்டியில் ஏஜென்சிக்காரனிடம் இருக்கிறது என்றான் சுரேஸ்.

"இல்லீங்களே," என்றாள் சிந்துஜா. அவளும் உதவியாகத்தான் சொன்னாள். "அலுமாரில ஒங்க சட்டைக்கு அடியில இருக்கு. இன்னிக்குக் காலையிலகூடப் பார்த்தேன்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? மிஸ்தான் சொல்லிட்டாங்களே," என்று சுரேஸ் எழுந்தான்.

அதற்குள் அழகம்மா எடுத்துவிட்டாள். எழுத்து அவளுக்கு அரைகுறைதான். இலக்கம் நன்றாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிந்துஜாவிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னாள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கிய முத்திரை. மார்ச் இருபத்தேழு.

அதாவது, அழகம்மாவின் விரல் நின்ற அந்த மார்ச் முப்பதில் சுரேஸ் கட்டாரில் இல்லை, இலங்கையில்தான் இருந்தான். நேற்று இந்த ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால் அழகம்மா சிந்துஜாவைத் துணி அடுக்கச் சொல்லியிருக்கமாட்டாள், அவனைத்தான் கேட்டிருப்பாள்.

சிந்துஜா பாஸ்போர்ட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பை அடுக்குறதப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க," என்றாள்.

சுரேஸ் பாஸ்போர்ட்டை வாங்கக் கையை நீட்டினான்.

அழகம்மா கலண்டரிடம் போனாள். இருபத்தேழிலிருந்து சிவப்பு வட்டம் வரை எண்ணினாள். பதினாலு நாள். வைத்தியர்கள் கூட்டிக்கொள்கிற அதே இரண்டு வாரம்.

"அந்த மிச்சச் சாமானெல்லாம் எந்த வீட்டுக்குடா போச்சு?" என்று கேட்டாள்.

கொழும்பில் ஒரு கூட்டாளி என்று ஆரம்பித்தான். கூட்டாளியின் பெயரென்ன என்று அழகம்மா கேட்டாள். பெயர் உடனே வரவில்லை.

அன்று மாலை கண்டி பஸ்ஸில் அந்த நீலப் பை ஏறியது. உள்ளே சுரேஸின் சட்டைகள் இருந்தன. அடுக்கியது அழகம்மா.