முதுகு காட்டி நின்றவள்

நான், என் மகள் லாமியாங், படகோட்டி உஞ்சுன், மருத்துவர் விபோவோ. அன்று காட்டில் இருந்தவர்கள் நாங்கள் நால்வரே. கூண்டு திறந்திருக்கிறது. லாமியாங் ஏழு ஆண்டுகள் பால் புகட்டி, மரமேறப் பழக்கிய ஒராங்குட்டான் வெளியே வந்து, மரத்தை விட்டுவிட்டு அவள் சட்டை நுனியைப் பிடிக்கிறது. ஏறாவிட்டால் மறுபடி கூண்டுதான். முகம் பார்த்தால் போகாது என்று அவள் முதுகு காட்டி நிற்கிறாள். கழுத்தில் அட்டைப்பூச்சி ஊர்கிறது, தட்டிவிடவில்லை.

"உன் பிள்ளை வீட்டுக்கே வந்துருவான் போலக்கா," என்கிறான் உஞ்சுன் அவளிடம்.

"வாயை மூடுடா," என்கிறேன்.

பிடி தளர்கிறது; அது மரத்தில் ஏறுகிறது. மேலே ஒரு கிளை முறிகிறது. இலைகள்தான் விழுகின்றன.

அவள் அழுது அதைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டாள் என்று ஆற்றோர ஊர்களில் பேசுகிறார்கள். அழுதாள்; எதிரே நின்று பார்த்தவன் நான். கூப்பிடவில்லை.