கயிறு பிடித்தவள்

மூன்றாவது தடவையும் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கிய எந்திரக் கை சங்கில்லாமல் மேலே வந்தது.

குடைக்கம்பியில் செய்த விரல்களில் பாசி மட்டும் தொங்கியது. தலைமை சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மெட்ராஸில் நடக்கும் மாநில அறிவியல் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு படைப்பைத்தான் அனுப்பலாம். சிஸ்டருக்கு எட்டாம் வகுப்பின் எரிமலை போதும். சோடா உப்பைப் போட்டால் பொங்கும், வம்பில்லை.

கடலடியில் கிடக்கும் சங்கை எடுக்க எந்திரம் செய்யப் போகிறோம் என்று பிளாரன்ஸும் முத்துக்கனியும் வந்து நின்றபோது, செய்யுங்கள், மெட்ராஸுக்கே போவோம் என்று ஏற்றிவிட்டவள் அவர்கள் டீச்சரான நான். கடலில்லாத நாசரேத் ஊர்க்காரி. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

பழைய துறைமுகப் பாலத்தில் ஊரே வேடிக்கை பார்த்தது. கீழே போட்டு வைத்திருக்கும் சங்கு இன்று மேலே வராவிட்டால் எரிமலைதான் ரயில் ஏறும்.

முத்துக்கனி கடிகாரக் கடைக்காரர் மகள். விரல்கள் மெதுவாக மூடுவதற்கு அலாரம் கடிகாரத்தின் சுருள்வில்லைப் பொருத்தியவள். பள்ளித் தொட்டியில் அவள் கயிறு பிடித்தபோது ஒருதரம்கூடத் தப்பவில்லை. கடல் என்றதும் பிளாரன்ஸ் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்.

"விரல் மூடுததுக்குள்ள இவ இழுத்துருதா டீச்சர்" என்றாள் முத்துக்கனி, அழாத குறையாக.

நான்காவது முறை கை இறங்கியது. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, பிளாரன்ஸைப் பார்த்தேன்.

கன்னம் உப்பியிருந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்தது. அவள் கயிற்றை இழுக்கப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, நீ எதுக்கு மூச்சை அடக்குத?"

புஸ்ஸென்று மூச்சு விட்டாள். "மாமா அப்படித்தான் செய்வாவ டீச்சர். தனக்கு மூச்சு முட்டுனா கீழ அப்பாவுக்கும் முட்டும்னு உடனே இழுத்துருவாவ."

படகில் அவள் அப்பாவுக்குக் கயிறு பிடிப்பது அம்மாவின் அண்ணன். இந்தக் கரையில் மச்சானைத்தான் பிடிக்க வைப்பார்கள். தங்கை தாலியை எந்த அண்ணனும் கைவிட மாட்டான் என்று நம்பிக்கை.

எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது இரும்புளா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் கீழ கிடக்கும்" என்றேன்.

பேசிக்கொண்டிருந்த நேரத்தில் விரல்கள் மூடியிருக்க வேண்டும். அவள் இழுத்தபோது சங்கு வந்தது. பாலமே விசிலடித்தது. எரிமலை அடுத்த வருஷம் போகட்டும் என்றார் சிஸ்டர்.

முத்துக்கனி சங்கைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். பிளாரன்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்திரத்தின் ஈர விரல்களைத் தாவணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெட்ராஸ் போறதுக்கு முந்தி, நாளைக்கு அப்பாவுக்குப் பதிலா இதை இறக்கச் சொல்லட்டுமா டீச்சர்?"