ஆறாவது பெயர்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.40, மெல்லிய தூறல். ஜவ்வாது மலையில் பூங்காவையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பிய சோமநாத குருக்களின் கார், அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. அன்று சாயரட்சை பூஜை அவருடைய முறை. ஐந்தரைக்குள் அவர் கோயிலில் இருக்க வேண்டும்.

காவலர் மணி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “காலைல ஆறு பேருனு எழுதியிருக்கீங்க சாமி. இப்ப அஞ்சு பேர்தான் இருக்கீங்க.”

கையெழுத்து குருக்களுடையதே. முதலில் அவர் பெயர். பிறகு மனைவி அபீதகுஜாம்பாள், தம்பி ஸ்கந்தன், மகன் பிரதோஷ், மகள் சிவப்பிரியா. ஆறாவதாக: அம்ருதா, மகள், வயது ஒன்பது.

“எங்களுக்கு ஒரே பொண்ணுதான். இதோ இருக்கா” என்றார் குருக்கள்.

“உங்க கையப் புடிச்சிக்கினு நின்னுச்சே சாமி. பச்சைப் பாவாடை.”

“அண்ணாவுக்குக் கணக்குன்னாலே தகராறு” என்று ஸ்கந்தன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஒருவரைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஆள் திரட்டி மலையில் தேடுவார்கள். முடியும்வரை குடும்பம் இங்கேயே இருக்க வேண்டும். பதிவு பிழை என்று எழுதிக் கொடுத்தால் உடனே போகலாம். யாரும் தேட மாட்டார்கள். இதை மணி இருமுறை சொன்னார்.

“பிழைன்னே எழுதுங்கோ, நாழியாறது” என்றாள் அபீதகுஜாம்பாள்.

குருக்கள் அப்படியே எழுதிக் கையொப்பமிட்டார்.

“அவளுக்கு இருட்டுன்னா பயமாச்சே” என்றாள் அபீதகுஜாம்பாள், அதே குரலில்.

குருக்கள் தாளை மணியிடம் கொடுத்தார்.